மீதி ஆறு முறுக்கு

விழுப்புரம்
3.7.2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

திருமதி ஜெயம் துரைக்கண்ணு அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். இனி இல்லை. போனில் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், கடைசியில் இவர் போனைப் பிடுங்கிக்கொண்டு "வுடு, வுடு" என்பார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். வக்கீல் ஆபீசில் டைப் அடித்து அடித்து, கோபத்தைக்கூடப் பத்தி பிரித்து எழுத எனக்குப் பழகிவிட்டது.

போன சனிக்கிழமை அஸ்வினி பள்ளிக்கூட வாலிபால் அணியோடு சென்னைக்குத் தேர்வுக்குப் புறப்பட்டாள். வெளியூர் போனால் அவள் பையில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாழைப்பழம், வெள்ளரிக்காய், அவித்த முட்டை, நான் வறுத்துக் கொடுக்கிற அவல். ரயிலில் விற்கிற எதையும் தொட மாட்டாள். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் பிரிக்க மாட்டாள். நாலு வயதில் ஒரே ஒரு கடலை மிட்டாயைத் தின்று மூச்சு முட்டிப் பிழைத்த பிள்ளை. வேர்க்கடலை இவளுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டுக்குள் ஒரு மல்லாட்டைத் தோல்கூட வந்ததில்லை.

நீங்கள்தான் கேட்டீர்கள். "வண்டி திண்டிவனத்துல நிக்குமில்ல, ஜன்னல் வழியா முறுக்கு குடுத்துட்றேன், புள்ள ஆசையா கேட்டுது" என்றீர்கள். உங்களை நம்பிச் சரி என்றேன். என் பிள்ளையின் பையில் வெளி ஆள் கை பட்ட பலகாரம் போனது அன்றுதான் முதல் தடவை. எட்டு முறுக்கு கொடுத்தீர்கள். மேல்மருவத்தூர் தாண்டி இரண்டு தின்றாள். உதடு வீங்கி, நாக்கு தடித்து, பேச வராமல் தொண்டையைக் கையால் காட்டியிருக்கிறாள். டீச்சர் செங்கல்பட்டில் இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். தேர்வு போயிற்று.

நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்ததும், மாவு எங்கே அரைத்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "எங்க அண்ணி வீட்டு மிக்சியிலயே அரைச்சதுங்க" என்றார். ஆக வெளிக் கை எதுவும் படவில்லை. உங்கள் கை மட்டும்தான். அஸ்வினிக்கு ஐந்து வயதில் காது குத்தியபோது சபையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கினா எல்லாம் சரியாப் பூடும்." பழக்கிப் பார்த்துவிட்டீர்கள்.

மீதி ஆறு முறுக்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆவணியில் உங்கள் மகன் தென்னரசுக்குக் கல்யாணம். உங்களுக்குப் பெண் பிள்ளை கிடையாது. அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் அஸ்வினி ஒருத்திதான் பெண். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், பின்னால் நின்று மற்ற முடிச்சுகளைப் போட வேண்டிய நாத்தனார் அவள். அவள் வர மாட்டாள். உங்கள் மருமகள் கழுத்தில் யார் முடிச்சுப் போடுவது என்று இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

கலைப்பிரியா ஜெகதீசன்

(நகல் என் வசம் உள்ளது.)


திண்டிவனம்
9.7.2025

கலைப்பிரியாவுக்கு,

தபால்காரர் கையெழுத்து கேட்டதும் பேங்க் நோட்டீஸ் என்று உங்க மாமாவுக்கு முகம் செத்துப் போயிற்று. பிரித்துப் படித்ததும் நோட்டீசே தேவலை என்றார்.

நான் பத்தாவது வரைக்கும்தான். உன்னை மாதிரி எழுத வராது. மனசில் இருப்பதை அப்படியே கொட்டுகிறேன், நீ பத்தி பிரித்துக்கொள்.

அந்த முறுக்குக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தினேன். வாணலியில் முன்னே ஒட்டிய எண்ணெய் இருக்குமே என்று புது வாணலி வாங்கினேன். நம்ம வீட்டில் மல்லாட்டை எண்ணெய் டின் இருக்கும் பக்கமே போகாமல் நல்லெண்ணெய் தனியாக வாங்கி வந்தேன். முறுக்குக் குழலை வெந்நீரில் போட்டு எடுத்தேன். மாவு மில்லில் அரைத்தது. மிளகாய்க்குப் பின்னால் போடக் கூடாது என்று சொல்லியனுப்பி அரைத்தது. நானே சுட்டு, நானே கட்டி, வண்டி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பிளாட்பாரத்தில் போய் நின்றேன். ஜன்னலில் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு நிறைந்துபோயிற்று.

காது குத்துக்கு நான் அப்படிப் பேசியது நிஜம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரே மல்லாட்டை போட்டுப் பிழைக்கிற பக்கத்தில் பிறந்தவள், தெரியாமல் பேசினேன். பேசுவது வேறு, பிள்ளை வாயில் வைப்பது வேறு. இது புரியாத அளவுக்கா உன் மனசு கெட்டுப்போயிற்று?

சேதி கேட்டு செங்கல்பட்டுக்கு ஓடி வந்தேன். வார்டு வாசலில் என்னை நிறுத்திக் கதவைச் சாத்தினாய். ஆயாவும் வாட்ச்மேனும் பார்க்க, தலைகுனிந்து நின்றேன். அதை நான் மறக்க மாட்டேன் பிரியா. ஒரு நாள் உன்னை மண்டப வாசலில் நிறுத்துகிறேன், பார்.

உன் பெண் வராவிட்டால் போகட்டும். என் அண்ணன் மகள் இருக்கிறாள். முடிச்சுப் போட அவளுக்கும் இரண்டு கை இருக்கிறது.

ஜெயம்


விழுப்புரம்
14.7.2025

திருமதி ஜெயம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து.

உங்கள் அண்ணன் மகள் தென்னரசுக்கு முறைப்பெண். கட்டிக்கொள்ளும் முறையில் இருப்பவளை நிறுத்தி நாத்தனார் முடிச்சுப் போடச் சொன்னால் பெண் வீட்டார் மண்டபத்திலேயே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். வீடியோ வந்தால் நானும் பார்க்கிறேன்.

இன்னொன்று. மாவு மில்லில் அரைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கொழுந்தனார் டாக்டரிடம் வீட்டில் அரைத்தது என்றார். இரண்டில் ஒன்று பொய். உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்தவர் அவர். உங்களை அம்மா ஸ்தானத்தில் வைத்திருப்பவர். உங்களுக்கு எதிராகப் பொய் சொல்ல அவருக்கு என்ன வந்தது? ஆக, பொய் யாருடையது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வக்கீல் சார் சொல்வார், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற சாட்சியை ஒன்றும் செய்ய வேண்டாம், பேசவிட்டால் போதும் என்று.

நீங்கள் அஸ்வினிக்கென்று பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பையைப் பிரிக்காமல் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

அஸ்வினி இப்போது எதையும் தின்னப் பயப்படுகிறாள். நான் செய்த தோசையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். வகுப்பில் டூர் போகிறார்கள், பேர் கொடுக்கவில்லை. பை நிறையப் பழம் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். நேற்று என்னிடம், "பெரியம்மா வேணும்னேவாமா பண்ணாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

கலைப்பிரியா ஜெகதீசன்


திண்டிவனம்
30.7.2025

கலைப்பிரியாவுக்கு,

"ஆமாம்" என்று சொன்னாயா? அந்தப் பிள்ளையிடமா?

உன் கடிதத்தை உங்க மாமாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே விழுப்புரம் பஸ் ஏறியிருப்பார். பிள்ளை பிறந்ததும் முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்தவள் நான். அந்தப் பிள்ளை இனி என் முகத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு நீ பதில் சொல்லாமல் போக முடியாது.

இத்துடன் பத்திரிகை வைத்திருக்கிறேன். முதல் பத்திரிகை திருவக்கரை அம்மனுக்கு வைத்தோம், இரண்டாவது உனக்கு. நன்றாகப் பார். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டிருக்கிறதே, அதற்குக் கீழே ஜெகதீசன் இருக்கிறான். செல்வி அஸ்வினி இருக்கிறாள். உன் பேரை எங்கே தேடினாலும் கிடைக்காது. அச்சுக்காரன் இரண்டு தடவை கேட்டான், "சித்தி பேரு வுட்டுப்பூச்சே, போட்டுடட்டுமா?" என்று. விட்டுப்போகவில்லை, விட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம்ம சொந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் தாய் வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கொலைகாரி வீட்டுக் கல்யாணத்தில் உனக்கு எதற்குப் பேர்?

அஸ்வினி பேரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அவள் வரவில்லை என்றால் ஊர் என்னைக் கேட்காது, உன்னைத்தான் கேட்கும்.

மாவு விஷயம். நான் பொய் சொல்லவில்லை. அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. எட்டு வயசுப் பையனாக என் கையில் வந்தவன். அவனைப் பற்றி உன்னிடம் கோள் சொல்ல எனக்கு வாய் வராது. அரிசியை மில்லுக்கு எடுத்துப் போனது யார் என்று உன் வீட்டுக்காரனையே கேட்டுக்கொள்.

ஜெயம்


விழுப்புரம்
6.8.2025

பெரிய மனுஷி அவர்களுக்கு,

பத்திரிகை கிடைத்தது. என் அம்மா போனில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். "கட்டிக் குடுத்த வீட்ல உன் பேருகூட இல்லியேடி" என்றாள். உங்களுக்குச் சந்தோஷம்தானே. குறித்து வைத்திருக்கிறேன். இதற்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன்.

கல்யாணத்தன்று அஸ்வினியை என் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். பெரிய எழுத்தில் போட்டீர்கள் அல்லவா, அந்தப் பெரிய எழுத்தையே மணமேடையில் நிறுத்தி முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி இவரைக் கேட்டேன். அரிசியை மில்லுக்கு எடுத்துப் போனது யார் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "நானா? எனக்கு ஞாபகமே இல்ல. அண்ணிக்கும் வயசாவுது பிரியா, எதையாவது மறந்து மாத்திச் சொல்லுவாங்க, நீ இதைப் பெருசு பண்ணாத" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வளர்த்த பிள்ளையே உங்களுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிறது. இனி உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கலைப்பிரியா


திண்டிவனம்
20.8.2025

பிரியா,

இதைப் படிக்கும்போது உன் வீட்டுக்காரன் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

எனக்கு வயசாகிறது என்றானாம். மறந்துபோகிறேனாம். உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. நீ என்னைக் கொலைகாரி என்று நினைத்தாய். அது உன் பிள்ளை மேல் இருந்த பயத்தில். அவன் சொன்னது எதில்?

சீர்ப் பலகாரத்துக்கு மாவு அரைக்க நேற்று நானே மில்லுக்குப் போனேன். முட்டி வலியால் மாசக்கணக்காக அந்தப் பக்கம் போகவில்லை. மில் அந்தோணிசாமியைக் கேட்டேன், போன தடவை என் அரிசியைக் கொண்டுவந்தது யார், எதற்குப் பின்னால் போட்டாய் என்று. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க கொழுந்தனாருதான்க்கா வந்தாரு. கூட சத்து மாவுக்குன்னு ஒரு பையி எடுத்தாந்தாரு. கேப்ப, கம்பு, வறுத்த மல்லாட்ட எல்லாம் போட்டு. இத மொதல்ல ஓட்டு, ஜல்தி ஆவட்டும், பஸ்ஸு பூடும்னாரு. அது பின்னாடியே உங்க அரிசியப் போட்டேன். நீங்க சொல்லி அனுப்ன மாதிரி மொளகா பின்னாடி போடலக்கா."

போடவில்லைதான். மிளகாய் அரைத்த மெஷினில் மாவு போட்டால் காரம் ஏறும் என்று நம்ம பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்காமல் யாரும் தட்டைக் கவிழ்க்க மாட்டார்கள். மல்லாட்டைக்கு இந்த ஊரில் எவள் பயந்தாள்? நானும் மிளகாயைத்தான் சொன்னேன். மெஷினுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த அவன் சத்து மாவு, என் அரிசி மாவோடு கலந்து, என் கையாலேயே முறுக்காகிப் பிள்ளை வாய்க்குப் போயிருக்கிறது.

பிள்ளை வண்டி ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தான். முட்டி வலிக்குது, மில் வரைக்கும் போய் வா ஜெகா என்று நான்தான் அரிசியைக் கொடுத்தேன். சத்து மாவுப் பை அவன் ஸ்கூட்டரில் இருந்தது எனக்குத் தெரியாது. அவனே சந்தையில் வாங்கி, எங்கேயோ வறுத்து எடுத்து வந்திருக்கிறான். மாசா மாசம் இப்படித்தானாம். சின்ன வயசிலிருந்தே அதற்கு உயிரை விடுவான். உன் வீட்டுக்குள் வராது என்றால் வேறு எங்கே வைத்துத் தின்கிறான் என்று யோசி. அவன் வேலை செய்யும் டிராக்டர் ஷோரூமில் அவனுக்கு ஒரு மேஜை இருக்கிறதில்லையா?

வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் மாவு எங்கே அரைத்தது என்று கேட்ட நிமிஷத்தில் அவனுக்கு விளங்கியிருக்கிறது. அதனால்தான் உன்னை முந்திக்கொண்டு என் மிக்சியைச் சொன்னான். நீ என்னை வார்டு வாசலில் நிறுத்தியபோது உன் பின்னால்தான் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று முழுக்க இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன். அப்புறம் தோன்றியது, முதல் உரிமை உனக்கு. என்ன செய்யலாம், நீ சொல்.

ஜெயம்


விழுப்புரம்
23.8.2025

அக்கா,

இன்று மதியம் இவர் வல்லம் பக்கம் ஒரு டிராக்டர் டெலிவரிக்குப் போயிருந்தார். நான் ஷோரூமுக்குப் போனேன். வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார், எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் மேஜையைத் திறந்தேன். கீழ் இழுப்பறையில் ஒரு பழைய காபித்தூள் டப்பா. உள்ளே ஸ்பூன். மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பிரஷ்ஷும் பேஸ்டும் இருந்தன. சாயங்காலம் பேஸ்ட் வாசனையோடு வீட்டுக்கு வருவார். எவ்வளவு சுத்தமான மனுஷன் என்று நான் பத்து பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணம் வரை தெரியவும் வேண்டாம்.

தின்றது எனக்குப் பெரிதில்லை. பிள்ளைக்குப் பயந்துதான் வெளியே வைத்துத் தின்றிருக்கிறார், வாயைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் அவள் மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறாள், டாக்டர் காரணம் கேட்கிறார், அந்த இடத்தில் நின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்களைப் பிடித்துக் கொடுத்தாரே, அது எனக்கு ஆறவில்லை. நான் உங்களைத் திட்டித் திட்டி டைப் அடித்த கடிதங்களை இவர்தான் தபாலில் சேர்த்தார். ஒட்டும்போது ஸ்டாம்ப்பைத் தடவிக் கொடுத்தார் அக்கா.

மன்னிப்பு கேட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. என் முதல் கடிதத்தில் உங்கள் பெயர் வரும் இடத்திலெல்லாம் அவர் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். இப்போதைக்கு என்னால் ஆனது அது.

கல்யாணத்தில் முதல் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்து இலையை இவருக்குப் போடுங்கள். அந்த இலையில் வேறு யாரும் எதுவும் பரிமாறக் கூடாது. நான் பரிமாறிக்கொள்கிறேன். ஆறு முறுக்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேனே.

அஸ்வினி வருவாள்.

கலைப்பிரியா


திண்டிவனம்
27.8.2025

பிரியா,

பேரை மாற்றிப் போட்டுப் படித்தேன். நன்றாகத்தான் பொருந்துகிறது. ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை.

ஆனால் உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. அந்த "ஆமாம்" இன்னும் எனக்குள் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளையிடம் நீதான் சொன்னாய், நீதான் திருப்பிச் சொல்ல வேண்டும். எப்போது, எப்படி என்று நான் கேட்க மாட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்துவிடும்.

பத்திரிகையை இனி மாற்ற முடியாது, எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. உன்னை மண்டப வாசலில் நிறுத்துகிறேன் என்று சொன்னேன் இல்லையா, சொன்னபடி நிறுத்தப் போகிறேன். சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் உன் கையில். வருகிற ஆள் ஒவ்வொருவரும் பேர் இல்லாதவள் கையால் சந்தனம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கால் வலிக்கட்டும், அது உனக்கு வேண்டும்.

அந்தோணிசாமி என் எதிரிலேயே மெஷினைப் பிரித்துத் துடைத்து, முதலில் சும்மா அரிசி ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குப் போட்டுவிட்டான். அதற்கப்புறம்தான் சீர் மாவு. சமையல் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், அடுப்பங்கரையில் மல்லாட்டையும் அதன் எண்ணெயும் தலை காட்டக் கூடாது என்று. மல்லாட்டை போடுகிற குடும்பத்தில் மல்லாட்டைச் சட்னி இல்லாத கல்யாணமா என்று உங்க மாமா முறுக்கிக்கொண்டார். எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஆவாது, அவ்ளோதான் என்றேன். கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இலை நீ சொன்ன இடத்தில் விழும்.

ஜெயம்


விழுப்புரம்
8.9.2025

அக்கா,

நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. பந்தி ஆரம்பித்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் உங்களைப் பால் பழம் கொடுக்க இழுத்துப் போய்விட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியதை நீங்களே பார்க்கவில்லை. நேரில் கண்ட சாட்சி நான். கண்டபடி எழுதுகிறேன்.

அஸ்வினியை மாடி அறையில் மணப்பெண்ணின் தோழிகளோடு விட்டுவிட்டுத்தான் முறுக்கு டப்பாவை எடுத்தேன். முதல் பந்தி. சம்பந்திக்கு இனிப்பு, பச்சடி, வடை எல்லாம் வந்தது. பக்கத்து இலை காலி. இவர் வாளி வரும்போதெல்லாம் நிமிர்ந்தார். வாளி தாண்டிப் போயிற்று. நான் போய் அந்த ஆறு முறுக்கையும் அவர் இலையில் வைத்தேன். பழைய எண்ணெயின் சிக்கு வாடை எதிர் வரிசை வரைக்கும் அடித்தது. என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சம்பந்தி சிரித்துக்கொண்டே, உங்களுக்கு மட்டும் தனிப் பலகாரமா என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் சமாளிக்கவில்லை.

"இது எம் பொண்ணு ரயில்ல தின்ன முறுக்குங்க. தப்பு என்னுது. எங்க அண்ணி தலைல போட்டுட்டு, ரெண்டு மாசமா சோறு தின்னுக்கினு இருந்தேன்."

வரிசையில் எல்லாருக்கும் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது. அவர் தம்பியின் தோளைத் தொடவில்லை, திட்டவும் இல்லை, ரசம் கேட்டார். இவர் ஒவ்வொரு முறுக்காக எடுத்து ஆறையும் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, சிக்குக்கா வேறு எதற்கா தெரியாது. போதும் என்று நான் சொல்லவில்லை அக்கா. கடைசித் துணுக்கு வரைக்கும் நின்று பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தேன். வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். இரண்டு தடவை துலக்க வைத்துத்தான் பிள்ளை பக்கத்தில் விட்டேன்.

இதோடு பழி தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் அஸ்வினியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மில், சத்து மாவு, டாக்டர் கேட்டது, அப்பா சொன்னது. பெரியம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, நான் ஆமாம் என்றது பொய் என்று சொன்னேன். அவள் முதலில் அப்பாவைக் கேட்டாள்.

"நீயும் வேணும்னு பண்ணலியேப்பா. அப்பறம் ஏன் சொல்லல?"

விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியாதில்லம்மா. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல. ஏன் ஆமான்னு சொன்ன?"

ஆறு முறுக்கையும் அவர் இலையில் வைத்தேனே, அதில் எனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் மடியில் கட்டி அனுப்பிய அதிரசத்தை அவள் பிரித்தாள். முகர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அப்படியே தின்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த மாசம் அவளுக்குச் சென்னையில் மறுபடியும் ஒரு தேர்வு இருக்கிறது. இன்று அவளே போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். பழம், முட்டை, அவல் நான் கட்டிவிடுகிறேன். வண்டி திண்டிவனத்தில் நிற்கும். எட்டு முறுக்கு கொண்டு வாருங்கள். மாவுக்கு நீங்களே மில்லுக்குப் போங்கள், முட்டி வலித்தால் சொல்லுங்கள், நான் லீவு போட்டு வருகிறேன். ஜன்னல் வழியாக அஸ்வினி கையிலேயே கொடுங்கள். நடுவில் எங்கள் இரண்டு பேர் கையும் வேண்டாம்.

கலைப்பிரியா